மலிவு விமானத்தில் கண்டம் தாண்டினால் உண்மையில் காசு மிஞ்சுமா?

நீண்ட தூரப் பயணத்துக்கு டிக்கெட் தேடி, விலை குறைந்தது முதலில் வரும்படி வரிசைப்படுத்தினால், மேலே வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு பட்ஜெட் விமான நிறுவனம்தான். இரண்டு மூன்று வரி தள்ளி, எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு பெரிய நிறுவனம் இருக்கும். நடுவில் முப்பது சதவீதம் வித்தியாசம் இருந்தால் கை தானாக மேல் வரிக்குத்தான் போகும். அந்த முப்பது சதவீதம் பயணம் முடிந்து வீடு திரும்பும்போதும் நம்மிடம் மிச்சமிருக்குமா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிலருக்கு மிச்சமிருக்கும், பலருக்கு இருக்காது. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பட்ஜெட் நிறுவனங்கள் தரும் லாபம் பத்து மணி நேரப் பயணத்துக்கு அப்படியே நீளாது. அது ஏன் என்று புரிந்துகொண்டால், தன் பயணத்துக்கு மலிவு டிக்கெட் பொருந்துமா என்று ஒவ்வொருவரும் தாமே கணக்குப் போட்டுவிடலாம்.

குறுகிய தூரத்தின் வித்தை

குறுகிய தூரத்தில் மலிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1970களில் காட்டிய வழி அது. பின்னால் ஐரோப்பாவில் ரயன்ஏர் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தது. ஒரே வகை விமானம். அதனால் விமானி, பொறியாளர், உதிரிபாகம் எல்லாம் ஒரே வகை. விமானம் தரையில் நிற்கும் நேரம் 25 நிமிடம். இறங்கியவர்கள் போனதும் அடுத்த கூட்டம் ஏறிவிடும். மற்றவர்கள் ஒரு நாளில் நான்கு தடவை பறந்தால் இவர்கள் ஆறு தடவை பறப்பார்கள். ஊழியர்கள் இரவு தங்கள் வீட்டுக்கே திரும்பிவிடுவதால் ஹோட்டல் செலவும் இல்லை.

இதில் எதுவுமே நீண்ட தூரத்தில் பெரிதாகக் கைகொடுக்காது. பத்து மணி நேரம் பறக்கும் விமானத்தைப் பெரிய நிறுவனங்களும் ஏற்கெனவே நாளெல்லாம் வானத்தில்தான் வைத்திருக்கின்றன. தரையில் அரை மணி நேரம் மிச்சம் பிடித்தாலும், அதற்குள் இன்னொரு கண்டத்துக்குப் போய்வர முடியாது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறங்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏறுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகத்தான் செய்யும். ஊழியர்கள் போன இடத்தில் சட்டப்படி ஓய்வெடுத்தாக வேண்டும். அவர்களுக்கு ஹோட்டல் அறை வேண்டும். பயணம் மிக நீண்டால் கூடுதல் விமானியையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் எரிபொருள். விமான நிறுவனத்தின் மொத்தச் செலவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதற்கே போகும். தூரம் கூடக்கூட அந்தப் பங்கும் கூடும். எண்ணெய் விற்பவர் பட்ஜெட் நிறுவனம் என்பதற்காக விலையைக் குறைப்பதில்லை. ஒரு நாட்டின் வான்வெளியைக் கடக்கக் கட்டும் கட்டணமும் அப்படித்தான். வரியும் டிக்கெட் மலிவா என்று பார்ப்பதில்லை. பிரிட்டனிலிருந்து புறப்பட்ட எகானமி பயணிக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய ஓராண்டில் 2,000 மைல் வரை 13 பவுண்டு வரி. அதற்கு மேல் 5,500 மைல் வரை 90 பவுண்டு. டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த 90 பவுண்டில் ஒரு பைசா குறையவில்லை.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம், பெரிய நிறுவனத்தின் விமானத்தில் முன்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளுக்குப் போட்ட கணக்குப்படி, சர்வதேசப் பயணிகளில் பிசினஸ், ஃபர்ஸ்ட் வகுப்புகளில் போனவர்கள் சுமார் 5 சதவீதம்தான். டிக்கெட் வருமானத்தில் அவர்கள் தந்தது ஏறக்குறைய 30 சதவீதம். விமானத்தின் வயிற்றில் போகும் சரக்கு இன்னொரு வருமானம். இந்த இரண்டும் சேர்ந்து செலவில் ஒரு பகுதியைத் தாங்குவதால்தான் பின்வரிசை இருக்கையைப் பெரிய நிறுவனம் அந்த விலைக்கு விற்க முடிகிறது. பட்ஜெட் நிறுவனத்தில் முன்பக்கம் இருக்கைகள் குறைவு, அவற்றின் விலையும் குறைவு. அதனால் விமானம் பறக்கும் செலவை ஏறக்குறைய முழுதாகப் பின்வரிசைக்காரர்களே பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மலிவு எங்கிருந்து வருகிறது?

இருக்கைகளின் எண்ணிக்கையிலிருந்து. போயிங் 787-9 விமானத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதில் 216 இருக்கைகள் வைத்தது. நார்வேயின் பட்ஜெட் நிறுவனமான நார்வேஜியன் அதே விமானத்தில் 344 இருக்கைகள் வைத்தது. ஒரே இறக்கை, ஏறக்குறைய ஒரே அளவு எரிபொருள். செலவைப் பங்கிட 128 பேர் கூடுதல். ஃபிலிப்பைன்ஸின் செபு பசிபிக் தன் ஏர்பஸ் ஏ330நியோ விமானத்தில் 459 இருக்கைகளை வைத்திருக்கிறது. நீண்ட தூர மலிவுக்கு உண்மையான அடித்தளம் இந்த நெருக்கம்தான். உணவை விற்பதும் பெட்டிக்குக் காசு வாங்குவதும் அதற்குப் பிறகுதான்.

இந்த நெருக்கம் எல்லா விமானத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்பது டிக்கெட் வாங்குபவருக்குப் பயன்படும் செய்தி. 787 விமானத்தில் பெரும்பாலான பெரிய நிறுவனங்களே எகானமியில் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள்தான் வைத்திருக்கின்றன. பட்ஜெட் நிறுவனமும் ஒன்பது. ஆக, தோளுக்கு ஒரே இடம்தான். காலுக்குத்தான் கொஞ்சம் வித்தியாசம் வரலாம். ஏ330 விமானத்தில் கதை வேறு. பெரிய நிறுவனங்கள் வரிசைக்கு எட்டு வைக்கும் இடத்தில் மலேசியாவின் ஏர்ஏசியா எக்ஸ் ஒன்பது வைக்கிறது. ஏ350இல் மற்றவர்கள் ஒன்பது வைத்தால் பிரான்ஸின் ஃபிரெஞ்ச் பீ பத்து வைக்கிறது. ஒரு இருக்கைக்கு ஒன்றிரண்டு அங்குலம்தான் குறையும். ஆனால் எட்டாவது மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை எங்கே போகிறது என்பதை அந்த ஒன்றிரண்டு அங்குலம் தீர்மானித்துவிடும். நான் டிக்கெட் பார்க்கும்போது விலைக்கு அடுத்தபடி தேடுவது விமானத்தின் வகையைத்தான்.

ஐம்பது ஆண்டுக் கதை

இந்த முயற்சி புதிது இல்லை. ஃப்ரெடி லேக்கர் என்ற பிரிட்டிஷ்காரர் பல ஆண்டுகள் அரசுகளோடும் நீதிமன்றங்களோடும் போராடி, 1977 செப்டம்பர் 26 அன்று லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஸ்கைட்ரெயின் சேவையைத் தொடங்கினார். ஒரு வழிக்கு 59 பவுண்டு. முன்பதிவு கிடையாது, ரயிலுக்கு நிற்பதுபோல வரிசையில் நின்று அன்றைக்கே வாங்க வேண்டும். சாப்பாட்டுக்குத் தனிக் காசு. அதுவரை விமானத்தையே நினைத்துப் பார்க்காதவர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். 1982 பிப்ரவரி 5 அன்று நிறுவனம் கடனில் மூழ்கியது. பெரிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து தங்கள் விலையைக் குறைத்து அவரை வீழ்த்தின என்று வழக்குப் போடப்பட்டது; 1985இல் அது சமரசத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகும் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது. அமெரிக்காவின் பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1983இல் நியூயார்க்குக்குப் பக்கத்திலிருக்கும் நூவர்க்கிலிருந்து லண்டனுக்கு 149 டாலருக்குப் பறந்தது. 1987இல் இன்னொரு நிறுவனத்தில் கரைந்தது. ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு 2006இல் பறக்கத் தொடங்கிய ஓயாசிஸ் 2008 ஏப்ரலில் நின்றது. ஏர்ஏசியா எக்ஸ் 2009இல் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பறந்து, எரிபொருள் விலையும் ஐரோப்பிய வரிகளும் கட்டுப்படியாகாமல் 2012இல் விலகியது. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச் 28 காலையில் திடீரென்று மூடியது. பயணிகள் விமான நிலையங்களில் தவித்தார்கள். அதே நாட்டில் பின்னால் வந்த ப்ளே நிறுவனமும் 2025 செப்டம்பரில் மூடிவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய முயற்சி நார்வேஜியனுடையது. 2013இல் நீண்ட தூரத்துக்கு வந்து, புத்தம் புதிய 787 விமானங்களோடு அட்லாண்டிக்கையே கலக்கியது. சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் பறந்தது. 2018 வாக்கில் நியூயார்க்குக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் பறக்கும் அமெரிக்கா சாராத நிறுவனங்களில் அதிகப் பயணிகளை ஏற்றிச் சென்றது அதுதான். ஆனால் ரோல்ஸ்ராய்ஸ் எஞ்சின்களில் கோளாறு வந்து விமானங்கள் நின்றன. வாடகை விமானங்களைப் பிடிக்க வேண்டியதாயிற்று. 2019இல், அதனிடமும் இருந்த போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் உலகம் முழுக்கத் தரையிறக்கப்பட்டன. பெருந்தொற்று வந்து மிச்சத்தையும் முடித்தது. 2021 ஜனவரியில் நீண்ட தூரச் சேவையையே கைவிடுவதாக அறிவித்தது.

ஆறு மாதம் கழித்துப் பறக்கப்போகும் டிக்கெட்டுக்கு இன்றே முழுப் பணம் கட்டுகிறோம். அந்த ஆறு மாதமும் நிறுவனம் உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். நிறுவனம் மூடிவிட்டால் டிக்கெட் வெறும் காகிதம். கையில் டிக்கெட் வைத்திருப்பவர், நிறுவனத்திடமிருந்து பணம் வரவேண்டியவர்களின் வரிசையில் ஏறக்குறைய கடைசியில் நிற்பார். பெரும்பாலான பயணக் காப்பீடுகள் இதற்குப் பணம் தருவதும் இல்லை; விமான நிறுவனம் திவாலானால் ஈடு உண்டு என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மூடாமல் தப்பிக்கும் நிறுவனத்திலும் முழுப் பணம் திரும்பும் என்று சொல்ல முடியாது. 2021இல் ஏர்ஏசியா எக்ஸ் கடன் சீரமைப்புச் செய்தபோது, பறக்காத டிக்கெட்டுகளுக்குப் பயணிகள் பெற்றது ரொக்கம் இல்லை, பிற்காலப் பயணத்துக்கான வவுச்சர். கிரெடிட் கார்டில் வாங்கினால், கிடைக்காத சேவைக்கான பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. நீண்ட தூர மலிவு டிக்கெட்டை டெபிட் கார்டிலோ வங்கி மாற்றத்திலோ வாங்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

விழுந்தவர்களின் பெயர்களை அடுக்கியதால் இவர்கள் பயணிகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. லேக்கர் பறந்த ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. நார்வேஜியன் வந்த பாதைகளிலும் அதுதான் நடந்தது. மலிவு விமானம் ஒன்று அந்தப் பாதையில் இருப்பதாலேயே, அதில் ஏறாதவரும் பயனடைகிறார். இது சாதாரண விஷயம் இல்லை.

பெரியவர்களும் மாறிவிட்டார்கள்

பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைத்ததோடு நிற்கவில்லை. டிக்கெட்டையே உரித்து விற்கக் கற்றுக்கொண்டன. பெட்டி கிடையாது, இருக்கை தேர்வு கிடையாது, தேதி மாற்றம் கிடையாது என்ற வெறும் எகானமி டிக்கெட்டை அமெரிக்காவின் டெல்டா 2012இல் உள்நாட்டில் சோதித்துப் பார்த்தது. 2018 வாக்கில் அது அட்லாண்டிக் பாதைகளுக்கும் வந்துவிட்டது. பேசிக், லைட், சேவர் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர்.

இதனால் ஒப்பிடும் வேலை கடினமாகிவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் பெரிய நிறுவனத்தின் டிக்கெட் என்றால் 23 கிலோ பெட்டி உண்டு என்று நம்பலாம். இன்று அதே நிறுவனத்தின் மிக மலிவான டிக்கெட்டில் சாப்பாடு இருக்கும், போர்வை இருக்கும், பெட்டி மட்டும் இருக்காது. தேடல் பக்கத்தில் இரண்டு விலைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, எதில் என்ன அடக்கம் என்று உள்ளே போய்ப் பார்க்காமல் சொல்லவே முடியாது. வரிகள், கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் பெட்டியும் சாப்பாடும் சட்டத்தின் கண்ணில் கட்டாயம் இல்லை. பத்து நாள் பயணம் போகிறவருக்குப் பெட்டி கட்டாயம்தானே!

ஒரு கணக்கு

எந்த ஊர் நாணயமும் வேண்டாம். பெரிய நிறுவனத்தின் வழக்கமான போக-வர டிக்கெட் 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி, சாப்பாடு எல்லாம் உள்ளடக்கம். பட்ஜெட் நிறுவனத்தின் விலை 70. நான் சொல்லப்போகும் எண்கள் கணக்கு எப்படி நகர்கிறது என்று காட்டுவதற்கான உதாரணம்தான். உங்கள் பாதையின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

பெட்டிக்குப் போகும்போது 6, வரும்போது 6. இதுவே 82 ஆகிவிட்டது. பத்து மணி நேரத்தில் ஒரு சாப்பாடும் ஒரு சிற்றுண்டியும் தண்ணீரும் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 5. எண்பத்தேழு. ஜன்னலோரமோ நடைபாதையோரமோ வேண்டும் என்றால் 4. தொண்ணூற்றொன்று. விமானம் நகரத்துக்குத் தள்ளியிருக்கும் நிலையத்தில் இறங்குகிறது என்றால், பஸ்ஸோ டாக்ஸியோ சேர்த்து இன்னொரு 4. ஆக, 95. முப்பதாகத் தெரிந்த மிச்சம் ஐந்தாகிவிட்டது. பெட்டியை இணையத்தில் முன்கூட்டியே வாங்காமல் விமான நிலையக் கவுன்டரில் கட்டினால், இந்த ஐந்தும் போய்க் கையிலிருந்து போடவேண்டி வரும். கவுன்டர் விலை பெரும்பாலும் நன்றாகவே கூடுதலாக இருக்கும்.

இதே கணக்கை ஒரு தோள்பையோடு மட்டும் போகிறவருக்குப் போடுவோம். பெட்டி வேண்டாம், இருக்கை எங்கே கொடுத்தாலும் சரி, சாப்பாட்டை ஏறுவதற்கு முன் முடித்துக்கொள்வார். அவருக்கு 70 என்பது 70தான். பெரிய நிறுவனத்தின் பெட்டியில்லா டிக்கெட் 85 என்று வைத்துக்கொண்டாலும், பதினைந்து மிச்சம். அது உண்மையான மிச்சம். ஆனால் கையில் எடுத்துப் போகும் பைக்கு 7 கிலோ என்று எல்லை வைக்கும் நிறுவனங்கள் உண்டு. கைப்பையும் அதில் அடக்கம் என்பார்கள், வாசலில் வைத்து எடை போடுவார்கள். மடிக்கணினி, சார்ஜர், ஒரு ஸ்வெட்டர் வைத்தாலே பாதி போய்விடும். வீட்டிலேயே தராசில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

குடும்பமாகப் போனால் கூட்டல் வேகமாக ஏறும். குழந்தைகளோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் நான்கு பேருக்கும், இரண்டு பக்கமும் இருக்கைக் கட்டணம். நீண்ட தூரத்தில் பல பெரிய நிறுவனங்கள் குழந்தைகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கும். பட்ஜெட் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு வயது முடிந்ததும் பெரியவர் விலையையே வாங்கும். தொலைவில் இருக்கும் நிலையம் என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017இல் நார்வேஜியன் 65 டாலரிலிருந்து விற்ற அட்லாண்டிக் டிக்கெட்டுகளில் நியூயார்க் என்று சொன்னது ஸ்டூவர்ட் நிலையத்தை. நகரத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி.

தவறவிட்ட விமானம் யாருடைய கணக்கு?

இதுவரை பார்த்தது சில்லறைச் செலவு. மலிவு டிக்கெட்டில் பெரிய பணம் போவது பெரும்பாலும் விமானம் மாறும் இடத்தில்தான்.

பெரிய நிறுவனத்தில் ஒரே பிஎன்ஆரில் இரண்டு விமானம் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும், உங்களைப் போய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அடுத்த விமானத்தில் இடம் தருவார்கள். தேவைப்பட்டால் வேறு நிறுவனத்தின் விமானத்திலும் ஏற்றுவார்கள். பெட்டியும் கடைசி ஊருக்கே போய்விடும். பட்ஜெட் நிறுவனங்கள் பலவும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு என்று தனித்தனியாகத்தான் விற்கின்றன. நீங்களாகவோ, தேடல் தளமோ இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டினால், அந்த ஒட்டுக்குப் பொறுப்பு யாருமில்லை. முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அந்த இடத்தில் அன்றைய விலைக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டும். கடைசி நேர நீண்ட தூர டிக்கெட் ஒன்று, மலிவு விமானத்தில் நான்கைந்து பயணங்களில் சேமித்ததை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

விசாவும் இங்கேதான் குறுக்கே வரும். தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை வெளியே போய் எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். வெளியே போவதென்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது. அதற்கு விசா வேண்டியவராக இருந்தால், முதல் விமானத்திலேயே ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடலாம். அமெரிக்காவில் மாறிப் போவதென்றால் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் குடிநுழைவைத் தாண்டியே ஆக வேண்டும். விசா எளிதில் கிடைக்காத பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மலிவின் கணக்கு மற்றவர்களைவிடக் கடுமையானது. பயண ஆலோசனை எழுதுபவர்கள் பலர் இதை நினைவில் வைப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

மாறாமல் நேராகப் போகும் பயணத்திலும் தாமதம் இரு வகை நிறுவனங்களில் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தப் பாதையில் பறக்கும் நிறுவனம் ஒரு விமானத்தை ரத்து செய்தால், நீங்கள் மாலைக்குள் போய்விடலாம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் பறக்கும் சிறிய நிறுவனம் ரத்து செய்தால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சட்டம் சில இடங்களில் துணை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமானாலும், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நிறுவனத்தின் பிழையால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். டிக்கெட் 150 யூரோதான் என்றாலும் இழப்பீடு 600தான். ஆனால் ஐரோப்பாவுக்கு உள்ளே வரும் விமானத்துக்கு அந்த விதி ஐரோப்பிய நிறுவனம் ஓட்டினால் மட்டுமே பொருந்தும். பெட்டி தொலைந்தால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, அதாவது சுமார் 2,000 டாலர் வரை கேட்கலாம். அந்த உரிமை மலிவு டிக்கெட்டுக்கும் உண்டு. விலை குறைவு என்பதற்காக இந்த உரிமைகள் குறையாது என்று தெரியாமலேயே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணில் வராத ஒரு செலவையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குத் தனியாகப் போக ஒரு மலிவு விமானத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. உள்ளே கார்டு மட்டும்தான் வாங்கினார்கள். அம்மாவின் கையில் இருந்தது ரொக்கம். தண்ணீருக்கும் காசு கேட்பார்கள் என்று நினைத்து, ஒன்பது மணி நேரம் ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்து வந்திருக்கிறார். கேட்டிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். வாசலில் அந்த முகத்தைப் பார்த்தபோது, நான் சேமித்த தொகை என்ன என்பதே எனக்கு மறந்துவிட்டது. முதல் முறை பறக்கும் வயதானவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது விலை வரிசையின் முதல் வரியை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

சரி, யாருக்குத்தான் மிச்சம்?

நேர் விமானம் இருக்கும் பாதையில், பை ஒன்றோடு, தேதியில் ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்று போகிறவருக்கு மிச்சம் நிச்சயம். பெரிய நிறுவனத்தில் மாறிப் போக வேண்டிய இடத்துக்குப் பட்ஜெட் நிறுவனம் நேராகப் பறந்தால், காசோடு நேரமும் மிச்சம்.

ஒரு வழி டிக்கெட் வேண்டியவர்களுக்கு லாபம் இன்னும் அதிகம். பட்ஜெட் நிறுவனங்கள் போவதையும் வருவதையும் தனித்தனி விலைக்கு விற்கின்றன. பெரிய நிறுவனங்கள் பல பாதைகளில் ஒரு வழி டிக்கெட்டை, போக-வர டிக்கெட்டைவிடவும் அதிக விலைக்கு விற்பதுண்டு. படிக்கப் போகிறவர், வேலைக்குக் குடிபெயர்கிறவர், ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்புகிறவர் எல்லோருக்கும் இது பெரிய வித்தியாசம். ஆனால் படிக்கவும் குடிபெயரவும் போகிறவர்கள்தான் இரண்டு பெரிய பெட்டிகளோடு போகிறவர்கள். 46 கிலோவுக்குப் பட்ஜெட் நிறுவனம் என்ன கேட்கிறது என்று பார்த்த பிறகே அவர்கள் முடிவு செய்ய வேண்டும். மாணவர்களுக்கென்று கூடுதல் பெட்டி தரும் பெரிய நிறுவனங்களும் இருக்கின்றன.

படுத்துத் தூங்க வேண்டும் ஆனால் பிசினஸ் வகுப்புக்குக் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஜப்பான் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான ஜிப்ஏர், 290 இருக்கைகள் கொண்ட தன் 787-8 விமானங்களில் முழுதாகச் சாய்த்துப் படுக்கக்கூடிய 18 இருக்கைகளை வைத்திருக்கிறது. சாப்பாடும் பெட்டியும் தனி. வாங்குவது படுக்கையை மட்டும்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு ஸ்கூட் இருப்பதுபோல, இப்படிப் பெரிய நிறுவனத்தின் நிழலில் நிற்கும் பட்ஜெட் நிறுவனங்கள் சில, தனியாக நின்ற பலவற்றைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்திருக்கின்றன. ஆறு மாதம் முன்பே பணம் கட்டுவதென்றால் நான் இப்படிப்பட்ட நிறுவனத்தில்தான் கட்டுவேன்.

இனி பார்க்க வேண்டியது விமானத்தின் அளவு. முந்நூற்றைம்பது இருக்கைகளை ஒவ்வொரு நாளும் நிரப்புவது, பெரிய விமானம் வைத்திருந்த நிறுவனங்களுக்குப் பெரும் சுமை. ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் ஒற்றை நடைபாதை விமானம். சுமார் 200 பேரோடு 8,700 கிலோமீட்டர் வரை பறக்கும். 2024 இறுதியில் ஸ்பெயினின் ஐபீரியா அதை முதலில் வாங்கியது. நிரப்ப வேண்டிய இருக்கைகள் குறைவு என்பதால், பெரிய விமானம் கட்டுப்படியாகாத இரண்டாம் நிலை நகரங்களுக்கு நடுவிலும் நேர்ப் பாதை திறக்க முடியும். அப்படி ஒரு பாதை திறந்தால் தனி டிக்கெட்டுகளை ஒட்ட வேண்டிய தேவையும் நடுவழி விசாவும் போய்விடும். ஆனால் அந்த விமானத்தை வாங்க வரிசையில் நிற்பவர்களில் பட்ஜெட் நிறுவனங்களைப் போலவே ஐபீரியா போன்ற பழைய பெரிய நிறுவனங்களும் இருக்கின்றன. அந்தப் பாதைகளை முதலில் யார் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே டிக்கெட் விலை அமையும்.